உங்கள் சர்வரில் எந்தெந்தச் சேவைகள் விழித்திருக்கின்றன? வாசகர் கேள்வி-பதில்

இம்மாதம் சென்னை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. ஒரு சர்வரின் பின்னணியில், வலையமைப்பிலிருந்து வரும் இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் சேவைகள் எவை என்பதை எப்படி உறுதியாக அறிவது என்று கேட்டிருந்தார்கள். ஆகவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருந்தாலும், தட்டச்சிடும்போது, பெரிய எழுத்து என்று சொல்லாத இடங்களில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளையே பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் சிறு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். கணினிப் பிரிவைக் கவனித்துவந்தவர் விலகிவிட்டதால், உபுண்டு சர்வர் ஒன்றின் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எங்களிடம் பொருள் வாங்கும் நிறுவனம், அந்தச் சர்வரில் இயங்கும் வலையமைப்புச் சேவைகளின் பட்டியலைக் கேட்கிறது. முன்பிருந்தவரின் குறிப்பேட்டில் ஐந்து சேவைகள் எழுதப்பட்டுள்ளன. அதையே அனுப்பிவிடலாமா ஐயா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: அனுப்ப வேண்டாம். அந்தக் குறிப்பு, ஒருவர் ஒருகாலத்தில் எவற்றை நிறுவினார் என்பதைச் சொல்லும். இன்று எவை இயங்குகின்றன என்பதை இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலிடம்தான் கேட்க வேண்டும்.

டெர்மினலில், நிர்வாகி (ரூட்) அதிகாரம் தரும் சூடோ என்று தட்டி, இடைவெளி விட்டு, எஸ் என்ற எழுத்தை இருமுறை தட்டி, மீண்டும் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோட்டை அடுத்து டி, யூ, எல், பி, என் ஆகிய ஐந்து எழுத்துகளைச் சேர்த்து எழுதுங்கள். டி என்றால் டிசிபி, யூ என்றால் யூடிபி; இரண்டும் வலையமைப்பில் தரவு செல்லும் நெறிமுறைகள். எல் என்பது இணைப்புக்காகக் காத்திருக்கும் போர்ட்டுகளை, அதாவது சேவைகளின் எண்ணிட்ட வாசல்களை, மட்டும் காட்டச் சொல்கிறது. பி என்பது அந்தப் போர்ட்டைப் பிடித்துவைத்திருக்கும் நிரலின் பெயரையும் எண்ணையும் கேட்கிறது. என் என்பது பெயர்களுக்குப் பதிலாக எண்களையே காட்டச் சொல்கிறது. சூடோ இல்லாமலும் இக்கட்டளை ஓடும் என்றாலும், மற்றப் பயனர்களின் கீழ் இயங்கும் நிரல்களின் பெயர்கள் வெற்றிடமாகவே இருக்கும். பழைய பாடநூல்களில் இதே வேலைக்கு நெட்ஸ்டாட் என்ற கட்டளையைக் காண்பீர்கள். அது அடங்கிய நெட்-டூல்ஸ் தொகுப்பு புதிய லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் தானாக நிறுவப்படுவதில்லை.

என் என்ற எழுத்தை விட்டுவிடாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். அது இல்லாவிட்டால் 80 என்ற எண்ணுக்குப் பதிலாக எச்டிடிபி என்றும், 22க்குப் பதிலாக எஸ்எஸ்எச் என்றும் திரையில் வரும். படிக்க எளிதாக இருப்பதால் பலரும் அதையே விரும்புகிறார்கள். ஆனால் அந்தப் பெயர்கள், எந்த எண் வழக்கமாக எந்தச் சேவைக்கு உரியது என்று கூறும் ஒரு சாதாரண உரைக்கோப்பிலிருந்து எடுக்கப்படுபவை. 443ஆம் போர்ட்டில் இணையதள சர்வர்தான் அமர்ந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ரூட் அதிகாரம் உள்ள எவரும் எந்த நிரலையும் அங்கே அமர்த்தலாம். 1024க்கு மேற்பட்ட போர்ட்டுகளுக்கு அந்த அதிகாரம்கூடத் தேவையில்லை. ஆகவே எண்ணைப் பார்த்துச் சேவையை ஊகிக்காமல், வரியின் கடைசியிலுள்ள நிரலின் பெயரைப் படியுங்கள்.

அடுத்து, உள்முகவரி (லோக்கல் அட்ரஸ்) என்ற பத்தியைக் கவனியுங்கள். பட்டியல் முழுவதிலும் மிகவும் பயனுள்ள செய்தி அங்கேதான் இருக்கிறது. 127.0.0.1 என்றோ, ஐபி ஆறாம் பதிப்பில் இரட்டை முக்காற்புள்ளியை அடுத்து 1 என்றோ இருந்தால், அந்தச் சேவை அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும். 0.0.0.0 என்றோ, சதுர அடைப்புக்குறிக்குள் இரட்டை முக்காற்புள்ளி மட்டுமோ, விண்மீன் குறியோ இருந்தால், கணினியின் எல்லா வலையமைப்பு முகவரிகளிலும் அது காத்திருக்கிறது என்று பொருள். ஒரே மைசீக்வல் தரவுதளம் முதல் நிலையில் இருந்தால் கவலைக்கு இடமில்லை. இரண்டாம் நிலையில் இருந்தால், அதற்கும் வெளியுலகுக்கும் இடையே ஃபயர்வால் ஒன்றுதான் தடுப்பாக நிற்கிறது.

உபுண்டு சர்வரில் நீங்கள் காணக்கூடிய, ஆனால் குறிப்பேட்டில் இல்லாத சில வரிகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 127.0.0.53 என்ற முகவரியில் 53ஆம் போர்ட்டைப் பிடித்திருப்பது சிஸ்டம்டி-ரிசால்வ்டு; அது கணினிக்குள்ளேயே டிஎன்எஸ் பெயர்களைத் தேடித் தரும் உதவியாளர் மட்டுமே. மைசீக்வல் எட்டாம் பதிப்பு 3306ஐத் தவிர 33060 என்ற போர்ட்டையும் திறக்கும்; எக்ஸ் பிளகின் என்ற பகுதி தானாகவே இயங்குவதால் அப்படி வருகிறது, ஊடுருவல் அன்று. இந்த இரண்டுக்காகவும் யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. ஆனால் யூடிபி 631இல் கப்ஸ்-பிரவுஸ்டு என்ற பெயரைக் கண்டால் நின்று யோசியுங்கள். வலையமைப்பிலுள்ள பிரிண்டர்களைத் தேடித் தானாகச் சேர்த்துக்கொள்ளும் சேவை அது. 2024 செப்டம்பரில், அது எல்லா முகவரிகளிலிருந்தும் வரும் செய்திகளை நம்பி ஏற்கிறது என்பதும், அச்சிடும் அமைப்பான கப்ஸின் வேறு சில குறைகளோடு சேர்த்துப் பயன்படுத்தினால் தொலைவிலிருந்தபடியே அந்தக் கணினியில் கட்டளைகளை ஓட்ட வழி ஏற்படுகிறது என்பதும் வெளியாயின. அச்சிடும் வேலையே இல்லாத சர்வரில் அந்தச் சேவைக்கு இடமில்லை.

பெயர் தெரியாத நிரல் ஒன்று எஞ்சினால், அதன் செயல்முறை எண்ணைக் குறித்துக்கொண்டு, ப்ராக் அடைவில் அந்த எண்ணின் கீழ் உள்ள எக்ஸி என்ற இணைப்பு எந்தக் கோப்பைக் காட்டுகிறது என்று பாருங்கள். அந்தக் கோப்பு எந்தத் தொகுப்போடு வந்தது என்பதை டிபிகேஜி கட்டளை, பெரிய எழுத்து எஸ் என்ற தேர்வோடு, சொல்லிவிடும். எந்தத் தொகுப்பையும் சேராத கோப்பு, அதிலும் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவிலிருந்து ஓடும் கோப்பு என்றால், உடனே விசாரிக்க வேண்டும். ஆனால் ஆப்ட் அடைவிலோ ஒரு பயனரின் வீட்டு அடைவிலோ உள்ள கோப்பு என்றால், உங்கள் நிறுவனத்துக்காக யாரோ எழுதித் தந்த மென்பொருளாகவும் இருக்கலாம். அதை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். மாத இறுதியில் சம்பளப் பட்டியலுக்கோ ஜிஎஸ்டி கணக்குக்கோ மட்டும் தேவைப்படும் சேவைகள் சிறு நிறுவனங்களில் நிறைய உண்டு. மாத நடுவில் அவற்றோடு யாரும் இணைவதில்லை என்பதால் அவை வேண்டாதவை ஆகிவிடா. எல் என்ற எழுத்தை நீக்கிவிட்டு அதே கட்டளையை ஓட்டினால், அப்போது நிலவும் இணைப்புகள் தெரியும். எந்த முகவரியிலிருந்து யார் அந்தப் போர்ட்டுக்கு வருகிறார்கள் என்பதைச் சில வாரங்கள் குறித்துவைத்த பிறகே முடிவெடுங்கள்.

இந்த அளவுக்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்பதற்கு 2003 ஜனவரி 25ஆம் நாள் நடந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். மைக்ரோசாஃப்டின் சீக்வல் சர்வர் தரவுதளத்தைக் குறிவைத்த சீக்வல் ஸ்லாம்மர் என்ற புழு (தானே பரவும் தீநிரல்), 376 பைட் அளவே உள்ள ஒற்றை யூடிபி பொட்டலமாக 1434ஆம் போர்ட்டுக்கு வந்து, பத்து நிமிடங்களுக்குள் தாக்கப்படக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைத் தொற்றிவிட்டது. குறைந்தது 75,000 கணினிகள் அதில் சிக்கின. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்களில் பலருக்குத் தங்கள் கணினியில் அந்தத் தரவுதளச் சேவை இயங்குவதே தெரியாது. வேறு மென்பொருள்களை நிறுவியபோது அவற்றோடு ஒட்டிக்கொண்டு அதன் சிறு வடிவமான எம்எஸ்டிஇ உள்ளே வந்திருந்தது. இருப்பது தெரியாத சேவைக்கு யாரும் திருத்தம் போட மாட்டார்கள்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருவோம். கெர்னல் சொன்னதோடு நிறுத்தாமல், வேறு இரண்டு இடங்களிலும் கேளுங்கள். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையோடு லிஸ்ட்-யூனிட்-ஃபைல்ஸ் என்று சேர்த்து, எனேபிள்டு நிலையில் உள்ளவற்றை மட்டும் கேட்டால், கணினியை மறுபடி இயக்கும்போது எவை தானாக எழும் என்பது தெரியும். பிறகு வெளியிலிருந்து, அதாவது அலுவலக வலையமைப்பில் உள்ள வேறொரு கணினியிலிருந்து ஒருமுறையும், கைப்பேசி இணையத்தோடு இணைத்த மடிக்கணினியிலிருந்து உங்கள் பொது முகவரியை நோக்கி ஒருமுறையும், போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும் என்மேப் கருவியால் சோதியுங்கள். என்மேப் தானாகச் சோதிப்பது அதிகம் பயன்படும் 1,000 டிசிபி போர்ட்டுகளை மட்டுமே. மொத்தம் 65,535 போர்ட்டுகளையும் பார்க்க, சிறுகோடு, பி, மீண்டும் ஒரு சிறுகோடு என்ற தேர்வைச் சேர்க்க வேண்டும். இந்த மூன்று பட்டியல்களும் ஒத்துப்போகாத இடங்களில்தான் உங்கள் உழைப்பு தேவைப்படும். உள்ளே காத்திருப்பதாகத் தெரிந்து வெளியிலிருந்து தெரியாவிட்டால், ஃபயர்வால் தடுக்கிறது. அந்தத் தடை வேண்டுமென்றே வைக்கப்பட்டதா என்று உறுதி செய்யுங்கள். வெளியிலிருந்து தெரிந்து உள்ளே தெரியாவிட்டால், இடையிலுள்ள ரவுட்டர் வேறு கணினிக்கு அனுப்புகிறதா, கண்டெய்னர் (நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் சூழல்) ஒன்று பதில் சொல்கிறதா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால், ஊடுருவியவர்கள் எஸ்எஸ் கட்டளையையே மாற்றி வைத்திருக்கிறார்களோ என்று ஐயப்படுவது நியாயமே. அந்நிலையில் அந்தக் கணினி தன்னைப் பற்றிச் சொல்லும் எதையும் நம்பாமல், வலையமைப்பிலிருந்து பிரித்துவிட்டு வல்லுநர் உதவியை நாடுங்கள்.

வாடிக்கையாளருக்கு அனுப்பும் பட்டியலில் போர்ட், நெறிமுறை, நிரலின் பெயரும் பதிப்பும், எந்த முகவரியில் காத்திருக்கிறது, யாருக்காக, நிறுவனத்தில் யார் பொறுப்பு என்ற விவரங்கள் இருக்கட்டும். பொறுப்பாளர் பெயர் எழுத முடியாத வரி ஒன்று இருந்தால், அந்தச் சேவையை என்ன செய்வது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலக சர்வரில் வேண்டாத சேவைகளை நிறுத்தி வைத்திருந்தோம். மின்தடைக்குப் பின் கணினியை இயக்கினால் அவை எல்லாம் மீண்டும் ஓடுகின்றன. தேவையான ஒரு சேவையோ எழவே இல்லை. ஏன் இப்படி? (வாசகி, வேளச்சேரி)

பதில்: நிறுத்துவதும், தானாக எழாமல் செய்வதும் வெவ்வேறு செயல்கள். சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் ஸ்டாப் என்பது இப்போதைக்கு மட்டும் நிறுத்தும். டிசேபிள் என்பதே அடுத்த தொடக்கத்திலும் எழாமல் தடுக்கும். அதுபோலவே, யாரோ கையால் ஸ்டார்ட் கொடுத்து, எனேபிள் செய்ய மறந்த சேவை, கணினி அணையும்வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்; மறு தொடக்கத்தில்தான் இல்லாமல் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதியில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மாதக்கணக்கில் அணையாமல் ஓடிய சர்வர்கள் அத்தகைய நேரத்தில்தான் புதிதாகத் தொடங்கப்படுகின்றன, பழைய மறதிகளும் அப்போதுதான் ஒருசேர வெளிப்படுகின்றன. மழைக்காலத்துக்கு முன், அறிவிப்புக் கொடுத்து, ஒரு விடுமுறை நாளில் நீங்களே சர்வரை மறுபடி தொடங்கி, தொடங்குவதற்கு முன்னும் பின்னும் எடுத்த எஸ்எஸ் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்ப்பது மிக நல்ல வழக்கம்.

டிசேபிள் செய்த பிறகும் ஒரு சேவை எழுகிறது என்றால் சாக்கெட் கோப்பைச் சந்தேகியுங்கள். சில சேவைகளுக்குப் பதிலாக, சேவைகளை எழுப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டியே போர்ட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். முதல் இணைப்பு வந்தவுடன் உரிய நிரலை எழுப்பும். கப்ஸ் சேவையை நிறுத்தும்போது, கப்ஸ் சாக்கெட் மூலம் அது மீண்டும் எழக்கூடும் என்ற எச்சரிக்கை திரையில் வருவது இதனால்தான். பலரும் அந்த வரியைப் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். சேவையையும் சாக்கெட்டையும் சேர்த்தே டிசேபிள் செய்யுங்கள். வேறொரு சேவை துணைக்கு அழைத்தாலும் எழக்கூடாது என்றால் மாஸ்க் என்ற கட்டளை உண்டு.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தின் சர்வரில் சூடோவோடு எஸ்எஸ் கட்டளையை ஓட்டியும் 2049ஆம் போர்ட்டுக்கு எதிரே நிரலின் பெயர் வரவில்லை. 111க்கு எதிரே சிஸ்டம்டி என்று வருகிறது. ஊடுருவலா? (விரிவுரையாளர், தாம்பரம்)

பதில்: உங்கள் ஆய்வகத்தில் என்எஃப்எஸ் மூலம் கோப்புகளைப் பகிர்கிறீர்கள் என்றால் ஊடுருவல் அன்று. என்எஃப்எஸ் சர்வர் கெர்னலுக்குள்ளேயே இயங்குவதால், 2049ஐப் பிடித்திருக்கும் தனி நிரல் என்று எதுவும் இல்லை. ஆகவே பெயர்ப் பத்தி வெறுமையாக இருக்கிறது. வயர்கார்டு விபிஎன் (இணையத்தின் ஊடே மறையாக்கப்பட்ட தனிவழி) பயன்படுத்துவோரும் அதன் யூடிபி போர்ட்டுக்கு எதிரே இதே வெற்றிடத்தைக் காண்பார்கள். 111 என்பது என்எஃப்எஸுக்குத் துணைநிற்கும் ஆர்பிசிபைண்டு. முந்தைய பதிலில் சொன்ன சாக்கெட் முறைப்படி சிஸ்டம்டி அதைத் தாங்கி நிற்கிறது. எந்தெந்தப் போர்ட்டை எந்தச் சேவைக்காக சிஸ்டம்டி வைத்திருக்கிறது என்பதை, சிஸ்டம்சிடிஎல் கட்டளையோடு லிஸ்ட்-சாக்கெட்ஸ் என்று சேர்த்தால் வரிசையாகக் காட்டிவிடும். என்எஃப்எஸ் பயன்படுத்தவில்லை என்றால் இரண்டையுமே நீக்கிவிடலாம்.

கேள்வி: மயிலாப்பூரில் தணிக்கையாளர் அலுவலகம் நடத்துகிறோம். விண்டோஸ் சர்வரில் டேலி இருக்கிறது. வீட்டிலிருந்தும் வேலை செய்வதற்காக ரவுட்டரில் ஏதோ ஒரு போர்ட்டைத் திறந்து தந்தார்கள். விண்டோஸிலும் இப்படிச் சோதிக்க முடியுமா? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: முடியும். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகளோடு ஓட்டுங்கள். லிசனிங் என்று காட்டும் வரிகளின் கடைசியில் செயல்முறை எண் வரும். தட்டச்சு வேண்டாம் என்றால், ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பகுதியின் கீழே லிசனிங் போர்ட்ஸ் என்ற பட்டியல் அதே விவரத்தை நிரலின் பெயரோடு காட்டும். விண்டோஸில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பல சேவைகள் எஸ்விசிஹோஸ்ட் என்ற ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கும். டாஸ்க்லிஸ்ட் கட்டளையை, சாய்கோட்டை அடுத்து எஸ்விசி என்று சேர்த்து ஓட்டினால், எந்த எண்ணுக்குள் எந்தச் சேவைகள் உள்ளன என்பது பிரிந்து தெரியும். 135, 445, 5985 ஆகியவையும், 49152க்கு மேற்பட்ட சில எண்களும் விண்டோஸ் சர்வரில் இயல்பாகவே இருக்கும். டேலிக்கு வழக்கமாக 9000 வரும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அந்த ரவுட்டர்தான். அங்கே திறக்கப்பட்டது பெரும்பாலும் 3389, அதாவது ரிமோட் டெஸ்க்டாப்பாக இருக்கும். அதை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவைப்பது ஆபத்தானது. கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சிகள் உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் இடைவிடாது வரும், அந்தச் சேவையில் புதிய குறை கண்டுபிடிக்கப்படும் நாளில் உங்கள் சர்வர் முன்வரிசையில் நிற்கும். 2019 மே மாதம் ப்ளூகீப் என்ற குறை வெளியானபோது, கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸ் பதிப்புகளுக்குள் புக முடியும் என்பது தெரியவந்து, ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் தந்தது. 3389ஐ வேறு எண்ணுக்கு மாற்றுவது தீர்வாகாது. எல்லாப் போர்ட்டுகளையும் வருடிப் பார்ப்பவர்களுக்கு அது சில நொடித் தாமதம் மட்டுமே. உங்களிடம் நூற்றுக்கணக்கானவர்களின் வருமானவரிக் கணக்குகள் இருக்கின்றன. ரவுட்டரில் அந்த வழியை அடைத்துவிட்டு, விபிஎன் மூலம் மட்டும் உள்ளே வரும்படி இந்த வாரமே மாற்றுங்கள். 445 எக்காரணம் கொண்டும் வெளியே தெரியக் கூடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவியது அந்தப் போர்ட்டின் வழியாகத்தான்.

கேள்வி: யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 22, 443 தவிர எல்லாவற்றையும் அடைத்திருக்கிறேன். ஆனாலும் டாக்கரில் ஓடும் ரெடிஸ் தரவுதளம், 6379இல் வெளியிலிருந்து பதில் சொல்கிறது. ஃபயர்வால் பழுதா? (மென்பொருள் பொறியாளர், சிறுசேரி)

பதில்: ஃபயர்வால் பழுதில்லை, கண்டெய்னர்களை ஓட்டும் மென்பொருளான டாக்கர் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. கண்டெய்னரின் போர்ட்டை வெளியிடச் சொன்னவுடன், டாக்கர் தானே கெர்னலின் பொட்டல விதிப்பட்டியலான ஐபிடேபிள்ஸில் முகவரி மாற்றும் விதிகளை எழுதிவிடுகிறது. வந்த பொட்டலம், கணினிக்கு உரியதாகக் கருதப்படாமல் கண்டெய்னருக்குக் கடத்தப்படுவதாகிவிடுவதால், யுஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் பாதைக்கே அது வருவதில்லை. போர்ட்டை வெளியிடும்போது எண்ணுக்கு முன் 127.0.0.1 என்று சேர்த்து எழுதுங்கள். அதே கணினியில் உள்ள நிரல்களுக்கு மட்டும் கிடைக்கும். ஒரே டாக்கர் வலையமைப்பில் உள்ள கண்டெய்னர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மட்டுமே ரெடிஸ் தேவை என்றால், போர்ட்டை வெளியிடவே வேண்டியதில்லை. வெளியே திறந்தே ஆக வேண்டிய போர்ட்டுகளுக்கு, டாக்கர்-யூசர் என்ற சங்கிலியில் உங்கள் தடைகளை எழுதலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எஸ்எஸ் கட்டளை தான் ஓடும் வலையமைப்புப் பெயர்வெளியை (ஒரே கணினிக்குள் தனித்துப் பிரிக்கப்பட்ட வலையமைப்பை) மட்டுமே பார்க்கும். கண்டெய்னருக்குள் காத்திருக்கும் நிரல்கள் அதில் வாரா. வெளியிட்ட போர்ட்டுகளுக்கு டாக்கர்-பிராக்ஸி என்ற பெயர் வரும், அந்த பிராக்ஸியை அமைப்பில் அணைத்திருந்தால் அதுவும் வராது. ஆகவே டாக்கர் உள்ள சர்வரில், டாக்கர் பிஎஸ் காட்டும் போர்ட் பத்தியையும் சேர்த்துப் படித்தால்தான் பட்டியல் முழுமை அடையும். அத்துடன் அந்த ரெடிஸ் வெளியே தெரிந்த காலத்தில் என்ன நடந்தது என்பதைப் பதிவேடுகளில் தேடுங்கள். கடவுச்சொல் இல்லாத ரெடிஸைக் கண்டால், அதன் வழியாக எஸ்எஸ்எச் சாவியையோ கால அட்டவணைப் பணியையோ எழுதிவைத்துவிட்டுப் போவது தாக்குவோரின் பழைய உத்தி. கண்டெய்னருக்குள் இருந்ததால் சேதம் குறைந்திருக்கலாம். ஆனாலும் தரவைச் சரிபார்க்காமல் விட வேண்டாம்.

கேள்வி: யூடிபியையும் சோதிக்க வேண்டுமா? என்மேப்பில் மிக நேரமாகிறது. (வாசகர், கிண்டி)

பதில்: கட்டாயம் சோதிக்க வேண்டும். 2018 பிப்ரவரி இறுதியில் கிட்ஹப் தளத்தின்மீது நொடிக்கு 1.35 டெராபிட் அளவில் பாய்ந்த தாக்குதல், யாரோ எங்கோ அக்கறையின்றித் திறந்துவைத்திருந்த, தற்காலிகத் தரவைச் சேமிக்கும் மெம்கேஷ்டு சர்வர்களின் யூடிபி 11211ஆம் போர்ட் வழியாகவே பெருக்கப்பட்டது. அந்தச் சர்வர்களின் உரிமையாளர்கள் தெரியாமலேயே அதற்குத் துணைபோனார்கள். என்மேப்புக்கு நேரமாவதன் காரணம், மூடிய யூடிபி போர்ட்டுகள் அனுப்பும் மறுப்புச் செய்திகளை லினக்ஸ் கெர்னல் மிக மெதுவாகவே விடுவிப்பதுதான். பதிலே வராத போர்ட் திறந்திருக்கிறதா, தடுக்கப்பட்டதா என்பதையும் என்மேப்பால் பிரித்துச் சொல்ல இயலாது. எனவே யூடிபியைப் பொறுத்தவரை உள்ளிருந்து எடுக்கும் எஸ்எஸ் பட்டியலையே முதன்மையாகக் கொள்ளுங்கள். அதில் யூடிபி வரிகளுக்கு லிசன் என்று வராமல் அன்கான் என்று வரும், அவற்றைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: கணினி அறிவியல் மாணவன் நான். எங்கள் தெருவில் உள்ளவர்களின் இணைய முகவரிகளை என்மேப்பால் சோதித்து, குறை இருந்தால் அவர்களுக்குச் சொல்லலாம் என்றிருக்கிறேன். நல்ல எண்ணம்தானே? (மாணவர், வில்லிவாக்கம்)

பதில்: எண்ணம் நல்லது தம்பி, ஆனால் செய்ய வேண்டாம். உரிமையாளரின் அனுமதியின்றிப் பிறர் கணினியை அணுகுவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு தடுக்கிறது. நேர்மையற்ற முறையில் அதைச் செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறையோ, 5 லட்ச ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். போர்ட்டைத் தட்டிப் பார்ப்பது மட்டுமே அணுகல் ஆகுமா என்ற வாதத்தை நீதிமன்றத்தில் நடத்தும் நிலை ஒரு மாணவனுக்கு வரக் கூடாது. முக்கியமான வலையமைப்புகளைக் குறிவைத்து வருடுவதை, 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய நிகழ்வுகளில் ஒன்றாக, இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தன் 2022 ஏப்ரல் 28ஆம் நாள் ஆணையில் சேர்த்திருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பழகுவதற்கு வழிகள் இருக்கின்றன. உங்கள் மடிக்கணினியிலேயே இரண்டு மெய்நிகர் கணினிகளை அமைத்து, ஒன்றில் சேவைகளைத் திறந்து, மற்றதிலிருந்து சோதியுங்கள். 1997இல் என்மேப்பை வெளியிட்ட கோர்டன் லயன், பழகுவோருக்காகவே ஸ்கேன்மீ என்ற சர்வரை இணையத்தில் வைத்திருக்கிறார். அளவோடு அதைச் சோதிக்க அவரே அனுமதி தருகிறார்.

கேள்வி: ஒருமுறை சோதித்துப் பட்டியல் எடுத்தாகிவிட்டது. இதை எப்படித் தொடர்வது? ஒவ்வொரு வாரமும் வரி வரியாகப் படிக்க நேரமில்லை. (வாசகி, அண்ணா நகர்)

பதில்: படிக்க வேண்டியதில்லை, மாற்றத்தை மட்டும் பார்த்தால் போதும். இன்றைய எஸ்எஸ் பட்டியலிலிருந்து நெறிமுறை, உள்முகவரி, போர்ட், நிரலின் பெயர் ஆகியவற்றை மட்டும் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, ஒரு கோப்பில் சேமியுங்கள். செயல்முறை எண்களைக் கட்டாயம் நீக்கிவிடுங்கள். அவை ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறுவதால், வீண் எச்சரிக்கைகள் வந்து, சில வாரங்களில் யாரும் அவற்றைத் திறந்தே பார்க்காத நிலை ஏற்படும். நாள்தோறும் விடியற்காலையில் அதே பட்டியலை எடுத்து, டிஃப் கட்டளையால் பழையதோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மட்டும் மின்னஞ்சல் அனுப்பும்படி, குறித்த நேரத்தில் பணிகளை ஓட்டும் கிரானில் ஒரு பணியை வையுங்கள். மூலப் பட்டியலை அந்தச் சர்வரிலேயே வைக்காமல் வேறொரு கணினியில் வைத்திருங்கள்; உள்ளே புகுந்தவர் அதையும் திருத்திவிடக் கூடாது. புதிய மென்பொருள் நிறுவிய நாளில் மின்னஞ்சல் வருவது இயல்பு; வந்த வரியை அடையாளம் கண்ட பிறகு மூலப் பட்டியலைப் புதுப்பியுங்கள்.

வெளியே போகும் இணைப்புகளையும் மாதம் ஒருமுறை பாருங்கள். போர்ட் எதையும் திறக்காமல், தானே வெளியிலுள்ள சர்வரோடு இணைந்து, அதன் வழியாகப் பிறரை உள்ளே அனுமதிக்கும் தொலைமேசை மென்பொருள்களும் சுரங்கப்பாதை நிரல்களும் உண்டு. வீட்டு பிராட்பேண்டில் பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால், வெளியிலிருந்து நேரே இணைய முடியாமல் இவற்றை நிறுவிக்கொள்வோர் நம் ஊரில் அதிகம். இவை லிசன் பட்டியலில் வாரா. எஸ்எஸ் கட்டளையை டி, என், பி எழுத்துகளோடு ஓட்டி, நிலவும் இணைப்புகளில் எந்த நிரல் எந்த முகவரியோடு பேசுகிறது என்று பார்த்தால் அகப்பட்டுவிடும்.